மலைச்சாலையின் ஏற்ற அளவும் மிதிவண்டியும்: திம்பம், பர்கூர் வழிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஈரோடு மாவட்டத்தின் வடக்கெல்லையில் அமைந்த திம்பம், பர்கூர் மலைச்சாலைகள் இன்று கொங்குப் பகுதி மிதிவண்டி ஓட்டிகள் தம் திறனைச் சோதித்துப் பார்க்கும் ஏற்றங்களாக விளங்குகின்றன. இச்சாலைகளின் சரிவைத் தீர்மானித்தவை பொதிமாடும் கட்டைவண்டியும் பின்னாளில் சரக்குந்தும் ஆகும். ஏற்ற அளவை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, மிதிவண்டி இவ்வழிகளில் எந்நிலையில் வந்து சேர்ந்தது என்பதையும், மலையூர் மக்களுக்கும் விளையாட்டாளருக்கும் அது வெவ்வேறு பொருள் தந்தது ஏன் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொங்குநாடு, கணவாய், திம்பம், பர்கூர், மலைச்சாலை, மிதிவண்டி

முன்னுரை

பண்ணாரி மாரியம்மன் கோயிலைக் கடந்து வடக்கே செல்லும் சாலை, 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திம்பத்தை அடைகிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த அவ்விடத்திலிருந்து ஆசனூர் வழியாகச் சாமராசநகருக்கும் மைசூருக்கும் வழி பிரிகிறது. இவ்வேற்றத்தை மிதித்து முடித்தவர் ‘மலையை வென்றதாக’க் கூறுவது இன்றைய வழக்கு. அவர் ஏறியது மலைமீது மனிதர் வெட்டிய ஒரு சாய்தளத்தில்தான். அந்தச் சாய்வு இவ்வளவு இருக்கலாம் என்று யாரோ ஒரு காலத்தில் ஒரு காரணம் கருதி முடிவு செய்துள்ளனர். கல்வெட்டையும் செப்பேட்டையும் போலச் சாலையின் சாய்வும் படிக்கத்தக்க சான்றே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஏறாத பெருவழிகளும் ஏறிய கணவாய்களும்

கொங்குநாட்டின் பழைய பெருவழிகள் இயன்றவரை ஏற்றத்தைத் தவிர்த்தன. நொய்யல் கரையில் கொடுமணலைத் தொட்டு மேலைக் கடற்கரைக்குச் சென்ற வணிக வழி, மலைத்தொடரின் பெரும் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாயை நாடியது. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் பாறையில் பொறிக்கப்பட்டுள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு அத்தகைய சமதள வழி ஒன்றின் சான்று.

வடக்கே நிலைமை வேறு. மைசூர்ப் பீடபூமி கொங்குச் சமவெளிக்கு மேல் மதில்போல் எழுந்து நிற்பதால் அங்கே ஏறியே தீர வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கஜலஹட்டி, காவிரிக்கரையில் முடியும் காவேரிபுரம் ஆகிய கணவாய்கள் இதற்கு உதவின. 1790-இல் திப்பு சுல்தான் தம் படையுடன் கஜலஹட்டி வழியே இறங்கிச் சத்தியமங்கலத்தருகே கர்னல் பிளாயிடின் படையைத் தாக்கினார். அக்கணவாயின் அடிவாரக் காவலாக விளங்கிய டணாயக்கன்கோட்டை, 1955-இல் முடிவுற்ற பவானிசாகர் அணையின் நீருக்குள் மறைந்தது. 1800-இல் மைசூரிலிருந்து கொங்குக்கு வந்த பிரான்சிஸ் புக்கானன் காவேரிபுரம் கணவாய் வழியாக இறங்கினார். அவருடைய பயணநூல் 1807-இல் வெளிவந்தது.

பொதிமாட்டின் கால்களுக்குப் பாதை செங்குத்தாக இருப்பது பெருந்தடையன்று. முதுகில் சுமக்கும் விலங்கு கல்லுக்குக் கல் தாவி ஏறும். வழி குறுகினால் வரிசையாகச் செல்லும். பொதிவழி நீளத்தைக் குறைத்துச் சரிவைக் கூட்டியதன் காரணம் இதுவே. சக்கரம் வந்தபின் இக்கணக்குத் தலைகீழாயிற்று.

வண்டிமாடு வகுத்த சாய்வு

1799-இல் கோயம்புத்தூர்ப் பகுதி கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. மலைக்கு அப்பாலுள்ள கொள்ளேகால் வட்டமும் கோயம்புத்தூர் மாவட்டத்துடன் இணைந்திருந்தது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோதே அது மைசூர் மாநிலத்திற்குச் சென்றது. இன்று மாநில எல்லையைக் கடக்கும் சாலையாகத் தோன்றும் அந்தியூர்–பர்கூர்–கொள்ளேகால் வழி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மாவட்டத்தின் இரு பகுதிகளை இணைத்த உள்வழியாக இருந்தது. எல்லைக்கோடு பின்னர் வந்தது. இதனை மறந்து பர்கூர்ச் சாலையை ‘எல்லையோரக் காட்டுப்பாதை’ என்று மட்டும் எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

வண்டிச்சாலை அமைப்பில் நிகழ்ந்த தேர்வுகளும் தவறுகளும் அண்டையிலுள்ள நீலகிரியில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவனின் முயற்சியால் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பகுதிக்கு அமைந்த பாதை 1823-இல் முடிவுற்றது. ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830-32 அளவில், குன்னூர் வழி திறந்தது. அந்த முதல் குன்னூர்ப் பாதை சுமைவண்டிகளுக்கு மிகக் கடினமாக இருந்ததால், 1870-களின் தொடக்கத்தில் லா என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் சாய்வு குறைந்த புதிய சாலை எழுந்தது. குன்னூருக்கு அருகிலுள்ள லாஸ் அருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரே மலைக்கு நாற்பதாண்டு இடைவெளியில் இரு சாலைகள் தேவைப்பட்டன என்பதிலிருந்து, நுகத்தடியில் பூட்டிய மாடு எவ்வளவு இழுக்கும் என்பதைப் பொறியாளர் பட்டறிந்தே கற்றனர் எனலாம். அதே நீலகிரியில் மசினகுடிப் பக்கமாக ஏறும் கல்லட்டிச் சாலை 36 வளைவுகளுடன் இன்றும் கடுஞ்சரிவாகவே உள்ளது. குன்னூர்ச் சாலையில் சீராக மிதித்து ஏறுபவர் கல்லட்டியில் திணறுவதற்கு அவருடைய உடல்நிலையை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது.

இந்தியச் சாலைகள் பேராயத்தின் மலைச்சாலை நெறிகள், 3000 மீட்டருக்குக் கீழான செங்குத்து நிலப்பகுதிக்கு 6 விழுக்காட்டை இயல்பான ஏற்றமாகவும் 8 விழுக்காட்டை விதிவிலக்கான உச்சமாகவும் கொள்கின்றன. கொண்டை ஊசி வளைவில் ஏற்றம் 40-க்கு 1 என்ற அளவைத் தாண்டலாகாது என்பதும் அந்நெறிகளுள் ஒன்று. மிதித்து ஏறுபவருக்கு வளைவுதோறும் மூச்சு வாங்கச் சிறிது இடம் கிடைப்பது இத்தகைய ஏற்பாட்டால்தான். எனினும் வளைவின் உள்விளிம்பு குறுகியது. அதே உயரத்தைக் குறைந்த நீளத்தில் ஏற வேண்டியிருப்பதால் அங்கே சரிவு மிகும். ஆகவே மிதிப்பவர் வெளிவிளிம்பை நாடுவர். திம்பத்தில் நீளமான சரக்குந்து ஒன்று திரும்பும்போது அதற்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். மாட்டுவண்டிக்குப் போதுமாக இருந்த வளைவைச் சரக்குந்தும் மிதிவண்டியும் ஒரே நேரத்தில் கோருவதே இச்சாலையின் இன்றைய சிக்கல்.

ஒற்றைப் பற்சக்கரம்

கொங்குச் சமவெளியில் மிதிவண்டி உழைப்பாளியின் கருவியாக வேரூன்றியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களின் வருகைக்குப் பின் ‘ஹெர்குலிஸ்’ என்பது ஊர்ப்புறங்களில் ஏறக்குறைய மிதிவண்டியின் மறுபெயராயிற்று. பால் கேனும் ஜவுளி மூட்டையும் அதன் பின்னிருக்கையில் ஏறின. அவ்வண்டி மலையடிவாரத்தோடு நின்றதற்கு அதன் பொறியமைப்பே காரணம்.

முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட 28 அங்குலச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். மிதி ஒரு முழுச்சுற்று வரும்போது அது ஏறத்தாழ 5.4 மீட்டர் முன்னேறும். 6 விழுக்காடு ஏற்றத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஆளையும் வண்டியையும் சுமையையும் 32 செ.மீ. உயரத்திற்குத் தூக்கியாக வேண்டும். முன்னே 34, பின்னே 32 பற்கள் அமைந்த இன்றைய பந்தய வண்டியில் இது 13 செ.மீ. மட்டுமே. முன்னது மாடிப்படி இரண்டை ஒரே எட்டில் ஏறுவதற்கும் பின்னது ஒரு சிறுபடி ஏறுவதற்கும் ஒப்பானது. ஒருவர் அதனைச் சில நிமிடங்கள் செய்யலாம். 27 வளைவுகளுக்குச் செய்ய இயலாது. ஆகவே மலையில் பழைய மிதிவண்டி ஏறும்போது தள்ளுவண்டி, இறங்கும்போது மட்டுமே ஊர்தி.

ஐரோப்பாவிலும் இதே தடை நிலவியது. 1910-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களுக்குள் நுழைந்தபோது போட்டியாளர் பலர் இறங்கி நடந்தனர். சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர் அமைப்பு அப்பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. இன்று மிதிவண்டி ஓட்டிகள் போற்றும் ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ சாலை, ஆஸ்திரியப் பேரரசின் தேவைக்காக 1825-இல் முடிக்கப்பட்டது. இத்தாலியப் பந்தயம் அதன்மீது முதன்முதலாக ஏறியது 1953-இல். சல்லிவனின் பாதையும் ஸ்டெல்வியோவும் ஈராண்டு இடைவெளியில் முடிந்தவை. இரண்டும் ஆட்சித் தேவையின் விளைவுகள். விளையாட்டு அங்கும் இங்கும் வெகுநாள் கழித்தே வந்தது.

அச்சம் நீங்கிய பின்

கியர் வண்டி கிடைத்த அளவிலேயே திம்பமும் பர்கூரும் விளையாட்டுக் களங்களாகிவிடவில்லை. வீரப்பனின் நடமாட்டமும் அதிரடிப்படையின் தேடுதலும் இம்மலைகளைச் சூழ்ந்திருந்தன. 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் தாளவாடியை அடுத்த தொட்டகாஜனூரில் கடத்தப்பட்டார். 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்படும்வரை இவ்வழிகளில் பொழுதுபோக்காகத் தனியே செல்வதை எவரும் எண்ணியிருக்க மாட்டார். பெங்களூரிலிருந்து புறப்பட்டு நீலகிரியைச் சுற்றும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ மிதிவண்டிப் பயணம் 2008-இல் தொடங்கியதை இச்சூழலோடு சேர்த்தே நோக்க வேண்டும். கல்லட்டி ஏற்றம் அதன் அடையாளமாக மாறியது. கோவை, ஈரோடு, கோபி பகுதிகளின் ஓட்டிகள் விடுமுறை நாட்களில் திம்பத்தை நோக்கிப் புறப்படும் வழக்கமும் இதே காலத்தில் பரவியது. நல்ல தார்ச்சாலை, இறக்குமதிக் கியர், ஓய்வுநாள், அச்சமின்மை ஆகிய நான்கும் கூடியபின்னரே ஏற்றம் ‘சவால்’ என்னும் பெயரைப் பெற்றது. அதற்கு முன் அதன் பெயர் சிரமம்.

மலையூரின் வண்டி

மலையூர்களில் அப்பெயர் மாறவில்லை. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. சமவெளிப் பெண்கல்விக்கு அது ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் வழங்கப்படும் வண்டி கியர் இல்லாத ஒற்றைப் பற்சக்கர வண்டி. கோபிச் சமவெளியில் மாணவியைப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும் அதே வண்டியைக் கடம்பூரிலும் குன்றியிலும் அவள் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும். கடம்பூருக்கு அப்பால் மாக்கம்பாளையம் செல்லும் வழியில் குரும்பூர்ப் பள்ளமும் சர்க்கரைப் பள்ளமும் மழைக்காலத்தில் பெருக்கெடுத்தால் பேருந்தே நின்றுவிடும் நிலை நெடுங்காலம் இருந்தது. விடுமுறை ஓட்டியின் வண்டியில் உள்ள முப்பத்திரண்டு பற்கள் மாணவியின் வண்டியில் இல்லாதது திட்டமிட்டோரின் தீயெண்ணத்தால் அன்று. சமவெளியை மனத்தில் வைத்து வகுத்த திட்டம் மலையைக் கணக்கிலெடுக்கவில்லை. குன்னூரின் முதற்பாதையை வகுத்தோர் மாட்டின் இழுதிறனைக் கணக்கிடத் தவறியது போன்றதே இதுவும். அங்கே நாற்பதாண்டுகளில் புதிய சாலை போடப்பட்டது.

சாய்வை நிர்ணயித்த மாடும் இப்போது ஒதுங்கி வருகிறது. செந்நிறத்தில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மாடு மலைப்பாதையில் விரைந்து நடப்பதற்குப் பெயர்பெற்றது. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் மாடும் குதிரையும் கைமாறுவது இன்றும் தொடர்கிறது. காட்டுக்குள் பட்டி போட்டு மேய்க்கும் முறையைச் சார்ந்த அவ்வினத்துக்கு, வனச்சட்டங்கள் இறுகும்தோறும் மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமாயிற்று. 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அந்தியூர்ப் பகுதி வனங்கள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இருட்டிய பின் காட்டுச்சாலையில் செல்லக் கூடாது என்பது ஓட்டிகளுக்கு ஒரு பயணத்திட்டச் சிக்கல். காலையில் புறப்பட்டு மாலைக்குள் இறங்கிவிடுவர். தாளவாடியில் விளைந்த காய்கறியையும் கரும்பையும் கீழே கொண்டுசெல்ல வேண்டியவர்களுக்கும், இரவில் நோயாளியைச் சத்தியமங்கலத்திற்கு இறக்க வேண்டியவர்களுக்கும் அதே சாலைதான் வழி.