தோட்ட வாரியமும் கோரைக் கிழங்கும்

உத்திரமேரூர் என்றால் குடவோலை நினைவுக்கு வரும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இருக்கின்றன. கி.பி. 921-ஆம் ஆண்டுச் சாசனப்படி 30 குடும்புகளிலிருந்து ஆளுக்கொருவராக 30 பேர்: சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பெரிய பதவியான சம்வத்சர வாரியத்துக்கு யார் போனார்கள் தெரியுமா? முன்பே தோட்டமும் ஏரியும் பார்த்தவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களும்!

தோட்டம் பார்ப்பது அவ்வளவு லேசான காரியமா? கவனிப்பாரற்றுக் கிடக்கும் உங்கள் வீட்டுப் புல்தரையில் இறங்கிப் பாருங்கள். எல்லாம் பச்சைதான். ஒரு தண்டை விரலிடையில் உருட்டினால் குட்டு வெளிப்படும். மூன்று பட்டையாக விரலில் உறுத்தினால் கோரை. கணுக்கணுவாக வேர்விட்டுத் தரையோடு படர்ந்தால் அருகு. அருகைக் காப்பாற்ற வேண்டும். கோரையின் தலையை மட்டும் அறுத்தால் பயனில்லை. மண்ணுக்குள் சரம் சரமாய்க் கிழங்கு இருக்கிறது. ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும். ஈரமண்ணில் ஆழக் கொத்திக் கிழங்கோடு எடுத்து, வெற்றிடத்தில் அருகங்கணுக்களை நட வேண்டும்.

சபையோரும் அப்படித்தான் செய்தார்கள். கணக்குக் காட்டாத வாரியனோடு அவன் உறவினரின் ஓலையும் குடத்தில் விழக்கூடாது என்றார்கள். குற்றமற்ற உறவினனுக்கு அது கொடுமைதான். ஆனால் கோரை மண்டிய தரையைக் கொத்தியவருக்கு அவர்களுடைய பயம் புரியும்.