காற்றுக்கு அஞ்சும் நாடா

வட இலங்கையின் வன்னிக்கு ஒலிபெருக்கி வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே, முல்லைத்தீவுப் பகுதியின் கூத்தாசான்களாகிய அண்ணாவிமார் கோவலன் கூத்தை விடிய விடிய ஆடுவித்த இரவுகளில், களரியின் ஓரத்தில் பாய் விரித்துக் குந்தியிருந்த கிழவிக்கும் கண்ணகியின் புலம்பல் சொல் பிசகாமல் கேட்டதென்றால், அது வெட்டவெளிக் காற்றோடு போராடிப் பழகிய தொண்டைகளின் அப்பியாசத்தால் விளைந்த பேறு. காற்றை வென்ற குரல்களின் நாட்டில், காற்றுக்கு அஞ்சும் ஒரு கருவியின் சரித்திரத்துக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். இரண்டுக்கும் உள்ள உறவு பெரிது.

நாடா ஒலிவாங்கி என்பது, பெரியதொரு காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியதாய், கொசுவம் வைத்தாற்போல் நெளிவிட்ட ஓர் அலுமினியத் தகட்டைத் தொங்கவிட்ட கருவி. பேச்சினால் எழும் காற்றலை நாடாவை அசைக்க, காந்தப்புலத்தினூடே அசைந்த நாடாவில் அற்பமான மின்சாரம் பிறக்க, அதனை உள்ளேயிருக்கும் சிறு மின்மாற்றி உயர்த்தி வெளியே அனுப்புகிறது. 1920-களில் ஜெர்மனியில் ஷொட்கி, கெர்லாக் என்னும் இருவர் வகுத்த இவ்வுபாயத்தை, அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஹரி ஓல்சன் 1930-களின் தொடக்கத்தில் வானொலி நிலையங்களுக்கு உரியதாக்கினார். அதன் விலை மிகுதியாயிருந்தமையால், பி.பி.சி. நிறுவனம் மார்க்கோனி கம்பெனியுடன் சேர்ந்து 1934-இல் தனக்கென ஒன்றை ஆக்கிக்கொண்டது. முன்னும் பின்னும் கேட்டு, பக்கங்களில் செவிடாயிருக்கும் இதன் சுபாவம், எதிரெதிரே நின்று வசனம் பேசும் வானொலி நடிகருக்கு மிகவும் அனுகூலமாயிற்று.

1941 மே 3-ஆம் நாள் பி.பி.சி. தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியபோது, லண்டன் கலையகங்களில் பரவலாக வழக்கிலிருந்தது இந்த மார்க்கோனி நாடா. பிற்பாடு அந்நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே.

அந்த ஓசை பிற்காலத்தில் வன்னியை வந்தடைந்த விதத்தை இங்குள்ளவர் மறக்கமாட்டார்கள். 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பற்றரி கிட்டாத பொருளாகிவிட, துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த வயர் வானொலியைச் சேர, கை தளர்ந்தால் குரலும் தேய, கை விரைந்தால் குரலும் உயிர்க்க, அயலவர் முற்றத்தில் கூடித் தமிழோசை கேட்டனர். காந்தமும் கம்பியும் ஒன்றையொன்று சார்ந்து அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் பரடே கண்ட விதியொன்றே, முன்னர் லண்டனில் நாடாவை ஆண்டது. பின்னர் வன்னி முற்றத்தில் டைனமோவையும் ஆண்டது. அங்கே குரல் மின்சாரத்தைப் பிறப்பித்தது. இங்கே குரல் பிறக்க வேண்டி மனிதர் மின்சாரத்தைச் சுற்றி எடுத்தனர்.

இன்று அப்பழைய ஒலிவாங்கிகளைச் செப்பனிட்டு விற்பாருளர். வாங்க விரும்புவோர், நாடா எப்போது மாற்றப்பட்டது, மின்மாற்றி ஆதியில் இருந்ததுதானா, காந்தத்தின் வலு குன்றாதிருக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே பணத்தை எண்ண வேண்டும். இக்கருவியின் ஒலி மெலிது. நல்ல முன்பெருக்கி இன்றியமையாதது. வேறு ஒலிவாங்கிகளுக்கு ஊட்டும் 48 வோல்ட் மின்சாரத்தை இதற்குச் செலுத்தலாகாது. வயரில் பழுதிருந்தால் நாடா ஒரு கணத்தில் நாசமாகும். இரும்புத் துகளைக் காந்தம் கவருமாதலால், உறையிட்டு நிமிர்த்தியே வைக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியம், நம் விழாப் பந்தல்களில் ஒலிவாங்கியைக் கண்டவுடன் 'பூ' என்று ஊதிப் பார்க்கும் பழக்கத்தை இதன் அருகே அறவே விடுதல். அந்த ஓர் ஊதலில் நாடா இழுபட்டுத் தொய்ந்துவிடும்.

ஆகையால் இக்கருவியை முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி கோயில் பொங்கல் வெளிக்குக் கொண்டுபோக இயலாது. கூத்தைத்தான் இதனிடம் அழைத்துவர வேண்டும். கதவடைத்த ஓர் அறையில், நாடாவின் ஒரு முகத்துக்கு எதிரே முதிய அண்ணாவியார் ஒருவரையும், மறுமுகத்துக்கு எதிரே பிற்பாட்டுக்காரரையும், இரண்டு முழத் தூரத்தில் அமர்த்திப் பாடச் செய்து பதிந்து வையுங்கள். கோவலன் கூத்தை முழுவதும் நெஞ்சில் வைத்திருப்போர் மூத்துக்கொண்டே போகின்றனர். பழைய நாடாவைப் புதுப்பிக்கலாம், அவர்கள் குரலைப் புதுப்பிக்க வழியில்லை.