மாந்தீவும் மருந்தும்: தொழுநோய்க் கிருமியின் நொதியங்கள் உணர்த்தும் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த சிறு தீவுகளுள் மாந்தீவும் ஒன்று. மீன்பாடும் தேன்நாடு எனப் போற்றப்பெறும் இந்நாட்டின் வரலாற்றை வரைவோர் அதன் கோயில்களையும் கூத்துக்களையும் குடிமரபுகளையும் விரித்துரைப்பர். மாந்தீவைப் பற்றிப் பெரும்பாலும் வாளாவிருப்பர். ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொழுநோய் வைத்தியசாலை நிறுவப்பெற்ற அத்தீவின் வரலாறு, நுண்ணுயிருக்கும் மனித அறிவுக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட போரின் ஒரு பகுதியாகும். அப்போரின் வெற்றி தோல்விகளைப் பெரிதும் உறுதிசெய்தவை கண்ணுக்குப் புலனாகாத நொதியங்களே.

இலங்கையில் தொழுநோயாளரைத் தனித்து வைக்கும் வழக்கம் ஒல்லாந்தர் காலத்தது. 1708ஆம் ஆண்டில் அவர்கள் கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெந்தளையில் ஓர் இல்லத்தை அமைத்தனர். 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க அரசினர்க்கு அதிகாரம் அளித்தது. கடலும் வாவியும் இயற்கை மதில்களாக விளங்கியமையின், பிரித்து வைத்தற்கு ஏற்ற இடமாகத் தீவுகள் கருதப்பட்டன. ஓடம் ஏறி மாந்தீவுக்குச் சென்றவர் கரையில் விட்டுச் சென்றது வீட்டை மட்டுமன்று. தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் ஊரவர் நினைவையும் விட்டே சென்றார்.

இந்நோய் முன்வினைப் பயனுமன்று, குலத்தின் குறையுமன்று. ஒரு பற்றீரியாவினால் விளைவது என்பதை நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் 1873ஆம் ஆண்டில் கண்டறிந்தார். எனினும் காரணம் அறியப்பட்ட பின்னரும் மருந்து கிட்டவில்லை. சித்த மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்ட நீரடிமுத்து எண்ணெயையும் அதனையொத்த பிற எண்ணெய்களையுமே மேனாட்டு மருத்துவரும் ஊசி வழியே செலுத்தி வந்தனர். அதனாற் பயன் பெற்றோர் சிலர். வேதனை பெற்றோர் பலர்.

நிலைமையை மாற்றியது டாப்சோன் என்னும் மருந்து. 1908ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆக்கப்பெற்ற இப்பொருள் மூன்று பத்தாண்டுகளாகத் தொழுநோய்க்குப் பயன்படாது கிடந்தது. இதனோடு உறவுடைய புரோமின் என்னும் மருந்தை 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் நிலையத்திற் பாகெட் என்பார் நோயாளர்க்கு அளித்து நலங் கண்டார். 1940களின் பிற்பகுதியில், தமிழகத்துச் செங்கல்பட்டில் தொண்டாற்றிய றொபேட் கொக்ரேன் டாப்சோனையே நேராகப் பயன்படுத்தினார். விலை குறைந்த ஒரு வில்லை, நூற்றாண்டுகளின் இருளை அகற்றும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவிற்று.

டாப்சோன் கிருமியை எவ்வாறு அடக்குகின்றது? உயிர்களின் உடலில் நிகழும் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களே நொதியங்கள். தொழுநோய்ப் பற்றீரியா தனக்கு வேண்டிய போலிக் அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாக்கத்தின் ஒரு படியை டைஹைட்ரோதெரோயேட் சிந்தேஸ் என்னும் நொதியம் நடத்துகின்றது. அந்நொதியம் பற்றிக்கொள்ள வேண்டிய மூலப்பொருளின் வடிவை டாப்சோன் ஒத்துள்ளது. எனவே, பூட்டினுட் பொய்த்திறவு புகுந்தாற்போல அது நொதியத்தின் இடத்தை அடைத்துவிடுகின்றது; போலிக் அமிலமின்றிக் கிருமி பெருக மாட்டாது. மனிதர் போலிக் அமிலத்தை உணவினின்று பெறுவராதலின் அவர்க்கு இவ்வகையில் ஊறு நேர்வதில்லை.

ஆனால், பகைவன் வாளாவிருக்கவில்லை. மருந்தை எதிர்க்கப் பற்றீரியாக்கள் நொதியங்களை இரு வகையிற் பயன்படுத்துகின்றன. முதலாவது, மருந்தையே சிதைக்கும் நொதியத்தைச் சுரத்தல். பெனிசிலினை அழிக்கும் நொதியத்தை ஆபிரகாம், செயின் என்னும் இருவர் 1940ஆம் ஆண்டிலேயே, அம்மருந்து பரவலாக வழங்கத் தொடங்குமுன்னரே, கண்டு வெளியிட்டனர். இரண்டாவது, மருந்து தாக்கும் நொதியத்தின் வடிவையே மாற்றிக்கொள்ளுதல். தொழுநோய்க் கிருமி கையாண்டது இவ்விரண்டாம் வழியே.

இக்கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்தல் இயலாது. இருமடங்காகப் பெருக ஏறத்தாழ இரு வாரம் வேண்டும். 1960ஆம் ஆண்டில் ஷெப்பேட் என்பார் எலியின் பாதத்தில் அதனைப் பெருக்கும் முறையைக் கண்டார். அம்முறையால் 1964ஆம் ஆண்டில் பெற்றிட், றீஸ் என்னும் ஆய்வாளர் மலேசியாவின் சுங்கை பூலோ நோயாளரிடத்து டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் தோன்றியமையை நிறுவினர். 1977ஆம் ஆண்டில், முன்னர் மருந்தே உண்ணாதவரிடத்தும் அத்தகைய கிருமி காணப்பட்டது. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் பரவத் தொடங்கியது என்பது அதன் பொருள்.

காரணம் பின்னரே தெளிவாயிற்று. முற்கூறிய நொதியத்தின் அமினோ அமிலத் தொடரில் 53ஆம் இடத்திலோ 55ஆம் இடத்திலோ ஒன்று மாறினாற் போதும். டாப்சோன் அதனைப் பற்ற இயலாது, கிருமியின் வேலையோ தடையின்றி நடைபெறும். 2001ஆம் ஆண்டில் இக்கிருமியின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டதென்பது குறிப்பிடத்தக்கது. அத்தொகுதியில் 1,604 அலகுகளே புரதம் ஆக்க வல்லன. ஆயிரத்துக்கு மேற்பட்டவை செயலிழந்தவை. இவ்வாறு வறுமையுற்ற ஓர் உயிரும் சிறு மாற்றமொன்றினால் மருந்தை வென்றமை வியப்புக்குரியது.

இதற்கு விடையாகக் கணிதம் கைகொடுத்தது. டாப்சோனுக்கு அடங்காத கிருமி ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்றும், ஆர்.என்.ஏ. ஆக்கும் நொதியத்தைத் தாக்கும் றிபாம்பிசினுக்கு அடங்காதது ஒரு கோடியில் ஒன்றும் இயல்பாகத் தோன்றும் என மதிப்பிடுவர். நோய் முற்றியவர் உடலில் உயிருள்ள கிருமிகள் பதினாயிரம் கோடி இருத்தல் கூடும். ஆகவே ஒரு மருந்தை மட்டும் வழங்கின், தப்பிப் பெருகுவதற்குரிய கிருமிகள் தொடக்கத்திலேயே உள. இரண்டையும் ஒருங்கே எதிர்ப்பது பத்து இலட்சம் கோடியில் ஒன்றே. இக்கருத்தைத் தழுவி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1981ஆம் ஆண்டில், நோய் மிகுந்தோர்க்குக் குளோபசிமைனையும் சேர்த்த பன்மருந்து முறையைப் பரிந்துரைத்தது.

இலங்கை 1983ஆம் ஆண்டில் அம்முறையை ஏற்றது. 1995ஆம் ஆண்டில், பதினாயிரவர்க்கு ஒருவரினுங் குறைவு என்னும் தேசிய இலக்கை எய்திற்று. சிகிச்சை தொடங்கிய சின்னாளிலேயே நோய் பரப்பும் ஆற்றல் ஒழிவதால், தீவில் அடைத்தற்குரிய நியாயமும் ஒழிந்தது. ஆயின் மருந்து கிருமியைத்தான் கொல்லும். சமூகத்தின் அச்சத்தைக் கொல்லாது. நோய் நீங்கிய பின்னரும் வீடு திரும்ப இயலாது மாந்தீவிலேயே முதுமையெய்தினோர் அதற்குச் சான்று.

இன்றும் இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். மட்டக்களப்பு மாவட்டம் இந்நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களுள் ஒன்று. உணர்ச்சியற்ற வெளிர் தழும்பைக் கண்டவர் நாணத்தால் அதனை மறைப்பாராயின் நோய் முற்றும், கிருமி பெருகும். மருந்தை இடையிற் கைவிடுவாராயின் நொதியம் மாறிய கிருமிக்கே வழி திறக்கும். எனவே அயலவரின் இகழ்ச்சி, ஒழுக்கக்கேடாவதோடு நோய்க்குத் துணைநிற்கும் காரணமுமாகின்றது. நோயாளரை விலக்காது மருத்துவரிடம் ஆற்றுப்படுத்துதல் கற்றோர் கடன். வாவியின் நடுவேயுள்ள அச்சிறு தீவு கற்பிக்கும் பாடம் அதுவே.