தாத்தாவின் 49 நாடுகள்

என் தாத்தாவுக்கு 49 நாடுகளைத் தெரியும். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு. ஒவ்வொன்றிலும் ஏழு. விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கையை விரித்து, "அத்தனையும் கடலுக்குள்ள" என்பார். கேமரன் மலையின் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் வளர்ந்த நான், ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே ஏழேழு நாற்பத்தொன்பது என்று தெரிந்துகொண்டது இப்படித்தான்.

ஒருநாள் கேட்டேன். "தாத்தா, உங்க அப்பா எந்த ஊர்லேருந்து வந்தாரு?"

"சேலம் பக்கம்னு சொல்வாங்க. நாமக்கல்லுன்னும் சொல்வாங்க. யாருக்குடா தெரியும்."

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

தாத்தாவிடம் ஒரு புத்தகம் இருந்தது. சென்னையில் அச்சானது, தைப்பூசத்துக்கு ஈப்போ போனபோது வாங்கினாராம். நான் பார்க்கும்போது அட்டை போய், தாள்களை நூல்போட்டுத் தைத்து வைத்திருந்தார். உள்ளே ஒரு வரைபடம். கன்னியாகுமரிக்குக் கீழே மடகாஸ்கரையும் ஆஸ்திரேலியாவையும் தொட்டபடி ஒரு பெருநிலம். மழை ராத்திரிகளில் பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் தேத்தண்ணியோடு வந்து உட்காருவார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்தவர்கள், மருந்து அடித்தவர்கள். தாத்தா வாசிக்க ஆரம்பித்தால் அவர்கள் பஃறுளி ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள்.

சிவில் எஞ்சினியரிங் படிக்கப் போன பிறகுதான் இந்தக் கதைக்கு இரண்டு வேர்கள் இருப்பது தெரிந்தது. ஒன்று நம்முடையது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என்று ஆண்டுக் கணக்குத் தருகிறது, கூட்டினால் 9990. தாத்தாவின் 49 நாடுகள் அடியார்க்குநல்லாரின் சிலப்பதிகார உரையில் வருகின்றன. இரண்டு ஆறுகளுக்கும் இடையே 700 காவதம் என்கிறார் அவர். மடகாஸ்கர் பற்றி இவர்கள் யாரும் பேசவில்லை.

இன்னொரு வேர் லண்டனில் இருக்கிறது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர்களைப் பற்றி எழுதினார். அவற்றின் உறவு விலங்குகள் இந்தியப் பக்கத்திலும் இருப்பதற்குக் காரணம், இடையே இருந்து மூழ்கிப்போன ஒரு நிலமாக இருக்கும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். மனித இனமே அங்கே தோன்றியிருக்கலாம் என்றார் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் அந்த நிலத்தில் ஒரு ஆதி இனத்தையே குடியேற்றிவிட்டார். பிறகுதான் நம் அறிஞர்கள் உரையாசிரியர்களின் குமரியையும் ஸ்கிளேட்டரின் லெமூரியாவையும் ஒட்டினார்கள். அதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு லெமூரியா என்பது வெள்ளைக்கார அறிவியலாளர்களே பேசிய விஷயம்.

அறிவியல் அப்புறம் நகர்ந்துவிட்டது. கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்று 1912இல் வெகெனர் சொன்னார். 1960களில் புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இருந்து பிரிந்தவை. இடையில் எந்த நிலமும் மூழ்க வேண்டிய தேவை இல்லை. அவை பிரிந்து எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் மனித இனத்துக்கு வயது சுமார் மூன்று லட்சம். ஆனாலும் கதை மூழ்கவில்லை. 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் தமிழக அரசின் ஆதரவோடு குமரிக்கண்டம் ஆவணப்படமாகத் திரையிடப்பட்டது.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், படித்த திமிரில் தாத்தாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். காதம் பத்து மைல் என்பது அகராதிக் கணக்கு. 700 காவதம் என்றால் 7000 மைல். கன்னியாகுமரியிலிருந்து தென் துருவத்துக்கே 6800 மைல்தான். குமரி ஆறு கன்னியாகுமரியிலேயே ஓடியது என்று வைத்தாலும் பஃறுளி துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

தாத்தா தாளை வாங்கிப் பார்த்தார். "சரிடா, கணக்குல நீ பாஸு. நம்ம ஆளுங்க கப்பலேறி வந்ததுக்கு ஒரு கணக்கு இருக்குமே, அத எங்கயாச்சும் தேடிக் காட்டேன்" என்றார்.

தோற்றுப்போய்ப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய அப்பா 1930களில் கங்காணியோடு வந்தவர். தாப்பாவிலிருந்து மலைக்கு ரோடு போட்டு, காட்டை அழித்துத் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. தாத்தா 1940இல் லயத்தில் பிறந்தார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆபீஸ் ரெஜிஸ்டர்கள் போய்விட்டன என்று சொல்வார்கள். பிறப்புப் பத்திரம் இல்லை. ஆகவே சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டைக்கு எத்தனை முறை மலையிறங்கினார் என்று பாட்டிதான் எண்ணி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். 2017இல் சிவப்பு அட்டையோடுதான் செத்தார். 9990 வருடத்துக்குக் கணக்கு வைத்திருந்த மனிதரிடம், தான் பிறந்த ஒரு நாளுக்குத் தாள் இல்லை.

காணாமல்போன நாகரிகங்களைப் பற்றிய புத்தகங்கள் ஏன் விற்றுக்கொண்டே இருக்கின்றன என்று கேட்டால், என்னால் தாத்தாவை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். குமரிக்கண்டத்தில் எல்லாரும் தமிழர். அங்கே யாரும் கங்காணிக்குக் கடன்பட்டவரில்லை. விடியற்காலைப் பெரட்டில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. நிஜமான பூர்வீகத்தைத் தேடிப்போனால் முதலில் எதிர்ப்படுவது பஞ்சமும் கடனும் சாதியும். பத்தாயிரம் வருடம் தாண்டிக் குதித்துவிட்டால் அதெல்லாம் கண்ணில் படாது. அதோடு, அங்கே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது கடல். கடலிடம் யாரும் போய்க் கணக்குக் கேட்க முடியாது. ரெஜிஸ்டரைத் தொலைத்தவர்களிடம் கேட்கலாம். ஆனால் தாத்தாவுக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

இது நமக்கு மட்டுமான வியாதி இல்லை. என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர் ஒருவரின் மேசையில் பிளேட்டோ சொன்ன அட்லாண்டிஸ் இந்தோனேசியாவில்தான் இருந்தது என்று வாதாடும் பிரேசில்காரர் அரிசியோ சாந்தோஸின் புத்தகம் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கடல் கொண்ட பெருநிலம் ஒன்று எங்கள் பக்கத்தில் நிஜமாகவே உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே தரை. புவியியலாளர்கள் அதை சுண்டாலாந்து என்கிறார்கள். தமிழர்களைக் கொண்டுவந்த கப்பல்கள் நங்கூரம் போட்ட பினாங்குக் கடலும் அன்று தரைதான். அங்கே வாழ்ந்தவர்களின் நகரமோ அரசர் பெயரோ நமக்குக் கிடைக்கவில்லை. அதனாலோ என்னவோ, தாத்தாவின் புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

நான் வளர்ந்த மலையே ஒரு காலத்தில் "தொலைந்த" இடம்தான். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இங்கே ஒரு பீடபூமியைப் பார்த்ததாக எழுதினார். இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. அடுத்த வருடமே இறந்தும்போனார். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து மலைவாசத்தலம் அமைக்க முனையும்வரை வெள்ளைக்காரர்களுக்கு இது பாதி வதந்தி. அந்த நாற்பது வருடமும் செமாய் மக்கள் இதே சரிவுகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார்கள்.

நிஜமாகத் தொலைவது சத்தமில்லாமல் தொலைகிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் கடாரம் என்று பெருமையாகச் சொல்லும் நிலம். அங்கே சண்டி 11 என்று எண்ணிடப்பட்ட ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட கட்டுமானம், தனியார் நிலத்தில், வீடமைப்புக்காக இடிக்கப்பட்டது 2013இல்தான் வெளியே தெரிந்தது. கடல் வரவில்லை. மண்வாரி இயந்திரம் வந்தது. நானும் தினமும் அந்த இயந்திரங்களோடு வேலை செய்கிறவன்தான்.

எங்கள் பழைய லயமும் இப்போது இல்லை. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த ஆட்கள். போன தீபாவளிக்கு ரிங்லெட்டில் இருக்கும் சின்னப்பாட்டியைப் பார்க்கப் போனேன். தாத்தாவின் தங்கை, எண்பதைத் தாண்டியவர். அதே கேள்வியைக் கேட்டேன்.

"நாமக்கல்லெல்லாம் இல்லடா. ராசிபுரம் பக்கம். ஊருக்குள்ள நொழையுறப்பவே ஏரி தெரியுமாம். அம்மா அடுப்படியில ஒக்காந்து சொல்லும்."

"தாத்தாவுக்குத் தெரியலையே பாட்டி?"

"அவரு எங்க அடுப்படிக்கு வந்தாரு? எந்நேரமும் பொஸ்தகம்."

தாத்தாவின் புத்தகமும் சிவப்பு அட்டையும் ஒரே பிஸ்கட் டின்னில் என்னிடம் இருக்கின்றன. அதில் இப்போது ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ராசிபுரம் பக்கம். ஏரி உண்டு. சொன்னது சின்னப்பாட்டி. சரிபார்க்க வேண்டும்.