பெற்றோரைப் பேணல்: ஊவா தோட்டக் கிறிஸ்தவர்

தாய்தகப்பனை மதித்துக் காப்பது கிறிஸ்தவரின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. கத்தோலிக்கர் இதை நான்காவதாகவும் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையார் ஐந்தாவதாகவும் எண்ணுவர். இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்துப் பசறையிலும் நமுனுகுல மலையை அண்டிய தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழருள் பெரும்பான்மையோர் இந்துக்கள். கிறிஸ்தவர் சிறு தொகையினர். முதியோரைக் கைவிடலாகாது என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கைவிடாமல் இருக்க வீட்டில் இடமும் பணமும் உண்டா என்பதே இங்கு கேள்வி.

மறைநூல் அடிப்படை

பிள்ளைகளை அடக்கிவைக்கும் கட்டளையாக இது மறைக்கல்வி வகுப்பில் பதிந்துவிட்டது. உண்மையில் இது முதலில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. சோறும் துணியும் கொடுப்பதைப் பற்றியது. மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களை இயேசு கண்டிக்கிறார். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 3ஆம் அதிகாரம், தந்தைக்கு நினைவு தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. பவுலின் பெயரால் வழங்கும் 1 திமொத்தேயு 5, தன் வீட்டாரைக் கவனியாதவரைக் கடுமையாகச் சாடிவிட்டு, ஆதரவற்ற கைம்பெண்களைச் சபையே தாங்கவேண்டும் என்றும் பணிக்கிறது. பிரசங்கங்களில் முதற்பாதி கேட்கும் அளவுக்கு இரண்டாம் பாதி கேட்பதில்லை.

தோட்டத்து நிலை

தொழிலாளர் வாழும் வரிசைவீடான லயத்தில் ஒரு காம்பரா (அறை) வழக்கமாக 10க்கு 12 அடி. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் படுத்தபின் கிழவிக்கு மிஞ்சுவது முன் திண்ணையான இஸ்தோப்புத்தான். சாக்காலும் பழைய தகரத்தாலும் அதை மறைத்து ஒரு கட்டில் போட்டுக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும்; இருமல் நிற்காது. வெளியூரார் பார்த்தால் தாயை வெளியே தள்ளிவிட்டதாகச் சொல்லக்கூடும். நாலு பேர் படுக்கவே போதாத வீட்டில் ஐந்தாமவருக்கு உண்டாக்கிக் கொடுத்த இடம் அது.

வேலையிலிருந்து நின்றவரும் சும்மா இருப்பதில்லை. தாய் கொழுந்துக்குப் போனாலும், வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போனாலும், பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர் பாட்டியே. மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். சம்பளத்தில் தொழிலாளியின் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்த அந்தப் பணம் ஒரேயடியாகக் கைக்கு வருகிறது. மகளின் கல்யாணத்திலோ பழைய கடனிலோ கரைந்தும் போகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டு வேலைசெய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும்.

இன்னொரு காயம் பழையது. இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை பற்றிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான பிள்ளைகள் மறு நாட்டுக்கும் மனுப்போட்ட குடும்பங்கள் இரண்டாயின. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலும் நின்றது. நீலகிரியில் தகப்பன் இறந்த செய்தி இங்குள்ள மகனுக்குக் கடிதத்தில்தான் வந்துசேர்ந்தது. அந்த மகனிடம் கட்டளையைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்?

திருச்சபையின் பங்கு

தோட்டங்களில் அங்கிலிக்கன் பணி 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனோடு வேர்கொண்டது. கத்தோலிக்கப் பதுளை மறைமாவட்டம் 1972இல் கண்டியிலிருந்து பிரிந்தது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, பெரிய மறைமாவட்டத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்று 1982இல் இறக்கும்வரை பணியாற்றினார். மாதத்தின் முதல் வெள்ளியில் நடக்கமுடியாதவருக்கு நற்கருணை கொண்டுபோவது கத்தோலிக்கரிடம் உள்ள வழக்கம். படியேறி லயத்துக்கு வரும் அந்த வருகை, பொன்னாடை போர்த்தும் விழாவைவிட மேலானது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஜூலை நான்காம் ஞாயிறில் வருகிறது.

சட்டம்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணிப்பதைத் தடுக்கிறது. தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத, 60 வயது கடந்த பெற்றோர், எச்சமயத்தவராயினும், அச்சட்டத்தின்கீழ் அமைந்த பராமரிப்புச் சபையிடம் பிள்ளைகளிடமிருந்து பணம் கோரி விண்ணப்பிக்கலாம். நாட்கூலி வாங்கும் பிள்ளையிடம் அச்சபை வாங்கித் தரக்கூடியது அதிகமில்லை.