டைனமோவும் ஆல்டர்னேற்றரும்: பழைய கார் ஒன்றின் வயர்க் கதை

1962இல் இங்கிலாந்தில் எம்.ஜி.பி கார் வெளிவந்தபோது அதன் பொனற்றுக்குள் இருந்தது டைனமோ. எஞ்சின் சுழலும்போது பெல்ற் அதையும் சுழற்றும். பற்றரி சார்ஜ் ஆகும். லூக்காஸ் சி40 என்ற அந்த டைனமோவால் உச்சமாக 22 அம்பியர்தான் தரமுடியும். மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஹீற்றர் எல்லாம் ஒன்றாக ஓடினால் அது திணறும். சிக்னலில் நின்றால் அதுவும் வராது, பற்றரிதான் கரையும். அதனால்தான் இன்று இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பலர் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேற்றர் பூட்டுகிறார்கள்.

கம்பனியே அதை ஏன் முதலில் செய்யவில்லை? ஆடலோட்டம் தரும் இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. சிக்கல் பற்றரியில் இருந்தது. அதற்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும். டைனமோ அந்தத் திசைமாற்றத்தைக் காபன் பிரஷ்கள் உரசும் தன் திசைமாற்றியால் தானே செய்துகொள்ளும். ஆனால் முழு மின்னோட்டமும் அந்தப் பிரஷ் வழியாகவே வெளியேற வேண்டும். ஆல்டர்னேற்றரில் மின்சாரம் அசையாத சுருளில் இருந்து வருகிறது. பிரஷ் வழியே போவது சில அம்பியர் மட்டுமே. வேகமாகச் சுழற்றலாம், எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் வரும். ஆனால் வருவது ஆடலோட்டம். அதை நேராக்க, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோட் வேண்டும். முன்பு இருந்த செலீனியம் தகடுகள் பெரியவை, சாதாரணக் காருக்குள் அடங்காதவை. 1950களில் சிலிக்கன் டயோட் வந்தது. 1960இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ற் காரில் ஆல்டர்னேற்றர் பூட்டியது.

யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரம் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பெயர்தான் டைனமோ. உள்ளே சுழல்வது காந்தம், வெளியே வருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே நடுவில் டயோட் வேண்டும். காருக்குள் நடப்பதும் இதேதான், அளவுதான் பெரிது.

எம்.ஜி.பி 1967இன் கடைசியில் ஆல்டர்னேற்றருக்கு மாறியது. அதற்கு முந்திய கார்களில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய ஆல்டர்னேற்றர்கள் எதிர்முனையை எதிர்பார்ப்பவை. பற்றரியைத் திருப்பாமல் இணைத்தால் டயோட்கள் அந்தக் கணமே கருகிவிடும். திருப்பினால், எஞ்சின் வேகம் காட்டும் மீற்றர் மின்வகையாக இருந்தால் அதையும் உள்ளே மாற்றி இணைக்க வேண்டும்.

ஆனால் உண்மையான ஆபத்து வயரில் இருக்கிறது. டைனமோவில் இருந்து வந்த தடித்த வயர் 22 அம்பியரைத் தாங்கினால் போதும் என்று போடப்பட்டது. டைனமோவில் இருந்து அதற்கு மேல் வராது என்பதால் அந்த வயர் பிழைத்தது. பலவீனமே பாதுகாப்பாக இருந்த இடம் இது! இப்போது அங்கே 60 அம்பியர் தரக்கூடிய ஒன்றைப் பூட்டி, பற்றரியும் இறங்கிப்போயிருந்தால், அது கேட்பதையெல்லாம் ஆல்டர்னேற்றர் கொடுக்கும். வயர் சூடாகும், பிளாஸ்ரிக் உருகும். இந்தக் காரின் மண்ணிற முதன்மை வயரில் பியூஸ் கிடையாது. அதனால் தடித்த புது வயரை ஆல்டர்னேற்றரில் இருந்து ஸ்ராற்றரின் பற்றரி முனைக்கு நேரே இழுத்து, பற்றரிப் பக்கத்தில் பெரிய பியூஸ் ஒன்றையும் போடுவதுதான் சரி. பழைய ரெகுலேற்றர் பெட்டிக்கு வேலை இல்லை. வெளித்தோற்றத்துக்காகச் சிலர் அதை அப்படியே விட்டுவைப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

டாஷ்போர்டில் உள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். டைனமோ காலத்தில் அது எச்சரிக்கை மட்டும்தான். ஆல்டர்னேற்றரில், தொடக்கத்தில் காந்தத்தை எழுப்பும் சிறு மின்னோட்டம் பெரும்பாலும் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு எரிந்துபோயிருந்தால் எல்லாம் சரியாகப் பூட்டியும் சார்ஜ் தொடங்காமல் போகலாம்.