பெயருக்கு முந்தைய எண்

'நிலைமத் திருப்புத்திறன்' என்ற தொடரைப் பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று வகுப்பறையில் யாரும் சொல்வதில்லை.

கேள்வி பிரெஞ்சுத் துறவி மெர்சென்னுடையது. நூலில் கட்டிய சிறு குண்டின் ஆட்டக்காலம் நூலின் நீளத்தைப் பொறுத்தது. நூலுக்குப் பதில் ஓர் இரும்புக் கம்பியையே நுனியில் தொங்கவிட்டால்? தனித்து விட்டால் கம்பியின் மேற்பகுதி விரைந்தும் அடிப்பகுதி மெதுவாகவும் ஆடும். ஒரே உடலாக இருப்பதால் இரண்டும் இணங்கியாக வேண்டும். எந்த நீளத்துக்கு இணங்குகின்றன? தெகார்த்தும் ரோபர்வாலும் இதில் மோதிக்கொண்டார்கள். பதினேழு வயது ஹைகன்ஸிடமும் மெர்சென் இதைக் கேட்டார். அப்போது அவரால் இயலவில்லை.

விடை 1673இல், பாரிஸில் வெளியான அவருடைய 'ஊசல் கடிகாரம்' நூலின் நான்காம் பகுதியில் வந்தது. (தன் தாய்நாடான ஹாலந்தின்மீது படையெடுத்திருந்த பதினான்காம் லூயிக்கே அந்நூலை அவர் சமர்ப்பித்தார் என்பது தனிக்கதை.) தன் எடையால் மட்டுமே இயங்கும் எதுவும் தன் ஈர்ப்பு மையத்தைத் தொடங்கிய உயரத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்ற ஒற்றை எண்ணத்தை அவர் பற்றிக்கொண்டார். அதிலிருந்து, ஒவ்வொரு துகளின் எடையையும் அச்சிலிருந்து அதற்குள்ள தொலைவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்று கண்டார். அத்தொகையை, மொத்த எடையையும் ஈர்ப்பு மையத்தின் தொலைவையும் பெருக்கி வருவதால் வகுத்தால் தேடிய நீளம் கிடைக்கும். ஒரு மீட்டர் கம்பி, ஏறத்தாழ 67 செ.மீ. நூல் ஊசலைப் போல ஆடுகிறது.

ஏன் வர்க்கம்? அச்சிலிருந்து இருமடங்கு தள்ளியுள்ள துகள் அதே சுழற்சியில் இருமடங்கு விரைய வேண்டும். அதற்கு இருமடங்கு விசை. அந்த விசை செயல்படும் நெம்புகோலும் இருமடங்கு நீளம். ஆக, நான்கு மடங்கு. எவ்வளவு எடை என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது.

ஆனால் ஹைகன்ஸுக்கு அத்தொகை கணக்கின் நடுவில் வரும் ஒரு படி மட்டுமே; அதற்குப் பெயரில்லை. ஊசலை விட்டுப் பிரித்து, பம்பரத்துக்கும் கோளுக்கும் பொதுவான பண்பாக அதை நிறுத்தியவர் ஆய்லர். திண்பொருள்களின் இயக்கம் பற்றிய அவருடைய 1765ஆம் ஆண்டு லத்தீன் நூலில் அது பெயரோடும் வரையறையோடும் நிற்கிறது. நேர்கோட்டு இயக்கத்தில் நிலைமம் செய்வதைச் சுழற்சியில் இது செய்கிறது என்ற ஒப்புமையே அப்பெயர்.

பிற்காலப் பொறியாளர்கள் உத்திரத்தின் குறுக்குவெட்டுப் பரப்புக்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். அங்கே நிறையும் இல்லை, சுழற்சியும் இல்லை. தொலைவின் வர்க்கத்தைக் கூட்டும் கணிதம் மட்டுமே பொது. மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். என் பார்வையில் குற்றம் அவருடையதன்று, பெயருடையது. நடுவை மெலித்து, இரும்பை மேலும் கீழும் ஒதுக்கிய உத்திரம் ஏன் வளையாமல் தாங்குகிறது என்பதற்கும், அன்று ஹைகன்ஸ் கம்பிக்குக் கண்ட அதே வர்க்கம்தான் காரணம்.